கை வராததற்குக் காரணம் மனசு இல்லை

பக்கவாதத்தில் விழுந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் தவறாமல் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. "மனச மட்டும் விட்டுடாதீங்க. மனசு வச்சா எந்திரிச்சு நடந்துடலாம்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நான்கு மாதம் கழித்தும் கை வரவில்லை என்றால் அதே வாக்கியம் குற்றச்சாட்டாகத் திரும்பி வருகிறது. "மெயின் ரோட்டு வாத்தியாரு மனசு வச்சாரு, இப்ப அவரே சட்டைப் பட்டன் போட்டுக்கிறாரு. இவரு மனசே வைக்க மாட்டேன்றாரும்மா."

இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதல்ல. நுழைவுத் தேர்வில் தேறியவர் உழைத்தார், தேறாதவர் உழைக்கவில்லை என்று சொல்கிறார்களே, அதே தர்க்கம்தான். யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, விளைவை மட்டும் எடுத்துத் தனிமனிதரின் தகுதி என்று பெயர் சூட்டுவது. இட ஒதுக்கீடு பற்றிய விவாதத்தில் இதை உடனே அடையாளம் கண்டுகொள்கிற நாம், நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நான் பிசியோதெரபிஸ்ட். வட மாவட்டம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்ப் பக்கவாத நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களின் கைகால் ஏன் செயலிழக்கிறது, யாருக்குத் திரும்ப வருகிறது, யாருக்கு வருவதில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அதைப் புரிந்துகொண்டால் 'மனசு' என்ற சொல்லுக்குப் பின்னால் எதெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது தெரியும்.

முதலில் ஒரு வேறுபாடு. பக்கவாதம் இரண்டு வழிகளில் வருகிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் மூளைக்குள் கசிவது இன்னொன்று. உலக அளவில் மூளைத் திசுவுக்குள் கசியும் வகை மொத்தப் பக்கவாதத்தில் பத்தில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. எண்ணிக்கையில் குறைவென்றாலும் கொடூரத்தில் இதுதான் முன்னால் நிற்கிறது. ரத்தக்கசிவுக்கு ஆளானவர்களில் சுமார் நாற்பது சதவீதம் பேர் ஒரு மாதத்திற்குள் இறந்துவிடுகிறார்கள்.

இதற்குப் பெரும் காரணம் உயர் ரத்த அழுத்தம். மூளையின் ஆழப் பகுதிகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்கள் மயிரிழை போல மெல்லியவை. பெரிய தமனியிலிருந்து அவை நேராகக் கிளம்புவதால் அங்கிருக்கும் அழுத்தம் முழுவதும் அவற்றின் மேல் இறங்குகிறது. பத்து, பதினைந்து ஆண்டுகள் கட்டுப்படுத்தாத பி.பி. அந்தக் குழாய்ச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோகச் செய்கிறது. ஒருநாள் சித்தாள் வேலையில் சட்டி தூக்கும்போதோ, காலையில் கொல்லைப்பக்கம் போகும்போதோ அது வெடிக்கிறது.

வெடிக்கும் இடம்தான் இங்கே முக்கியம். உயர் ரத்த அழுத்தத்தால் வரும் கசிவு பெரும்பாலும் புடாமென், தலாமஸ் என்ற ஆழப் பகுதிகளில் நிகழ்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து போல ஓடுகிறது இன்டர்னல் காப்சூல். நம் உடலை நாம் நினைத்தபடி அசைக்க மூளை அனுப்பும் கட்டளைகள் இந்தச் சந்து வழியாகத்தான் இறங்க வேண்டும். மூளையின் மேற்பரப்பில் முகத்திற்கும் கைக்கும் காலுக்கும் தனித்தனியாக விரிந்து கிடக்கும் பகுதிகளிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள், கீழே இறங்க இறங்க நெருங்கி, இந்த இடத்தில் சில மில்லிமீட்டருக்குள் ஒரே கட்டாகச் சேர்ந்துவிடுகின்றன. அங்கிருந்து முகுளத்தின் அடிப்பகுதிக்கு வந்ததும் சுமார் தொண்ணூறு சதவீத இழைகள் எதிர்ப்பக்கம் கடந்து தண்டுவடத்திற்குள் போகின்றன. மூளையின் இடப்பக்கக் கசிவு வலது கைகாலைச் சாய்ப்பது இதனால்தான். ஒரு பக்கத்துக்குச் சுமார் பத்து லட்சம் இழைகள். கார்ட்டிகோஸ்பைனல் பாதை என்று இதற்குப் பெயர்.

ஊருக்கு வெளியே ஒரே ஒரு தரைப்பாலம் இருக்கிறது, எல்லாப் பேருந்தும் அதில்தான் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாலத்தில் சின்ன உடைப்பு விழுந்தாலும் ஊரே முடங்கும். அதே உடைப்பு ஏதோ ஒரு தெருவில் விழுந்திருந்தால் அந்தத் தெரு மட்டும் முடங்கும். நெல்லிக்காய் அளவு ரத்தக்கட்டு ஒருவருக்குப் பாதி உடலையே செயலிழக்க வைப்பதும், அதைவிடப் பெரிய கட்டு இன்னொருவருக்குக் கையில் லேசான பலவீனத்தோடு நின்றுவிடுவதும் இப்படித்தான். இதில் அவரவர் மனசுக்கு என்ன பங்கு இருக்கிறது?

கசிந்த ரத்தம் மூன்று கட்டங்களில் சேதம் செய்கிறது. முதல் கட்டம் தள்ளுமுள்ளு. ரத்தக்கட்டு சுற்றியுள்ள திசுவை நசுக்குகிறது, சில இழைகளைக் கிழிக்கிறது. சுமார் மூன்றில் ஒருவருக்கு முதல் சில மணி நேரத்தில் கட்டு இன்னும் வளர்கிறது. இரண்டாவது கட்டம் வேதியியல். ரத்தம் குழாய்க்குள் இருக்கும்வரை உயிர் தருவது. மூளைத் திசுவுக்குள் கொட்டினால் விஷம். உறையும்போது வெளியாகும் த்ராம்பினும், சிவப்பணுக்கள் சிதையும்போது வெளியாகும் இரும்பும் அக்கம்பக்கத்து நரம்பணுக்களைத் தாக்குகின்றன. வீக்கம் பல நாட்கள் ஏறிக்கொண்டே போகிறது. மூன்றாவது கட்டம் மெதுவானது. நடுவில் அறுந்த நரம்பிழையின் கீழ்ப்பகுதி, தாய் அணுவிலிருந்து பிரிந்ததால், வாரக்கணக்கில் சிதைந்து மறைகிறது. இத்தகைய சிதைவை 1850ஆம் ஆண்டிலேயே அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து விவரித்தார். மேலே தலையில் நடந்த விபத்து, இப்படித்தான் கீழே தண்டுவடம் வரைக்கும் இறங்கிப் போகிறது.

ஆனால் இதற்குள்ளேயே ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. அடைப்பினால் வரும் பக்கவாதத்தில் ரத்தம் கிடைக்காமல் திசு செத்துப்போகிறது. கசிவிலோ ரத்தம் பல நேரம் இழைகளின் நடுவே புகுந்து அவற்றை ஒதுக்கித் தள்ளுகிறது. அறுந்த இழை வேறு, நசுங்கிய இழை வேறு. கட்டு கரைந்து வீக்கம் வடிந்ததும் நசுங்கிக் கிடந்த இழைகளில் ஒரு பகுதி திரும்பவும் வேலை செய்யத் தொடங்கும். எனவே முதல் நாள் கை அசையவில்லை என்பது இறுதித் தீர்ப்பு அல்ல. முதல் வாரத்தைப் பார்த்துவிட்டு "நரம்பு போச்சு, இனி அவ்வளவுதான், கொண்டுபோய் வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்புவதும், ஆறு மாதம் கழித்து "மனசு வைக்கல" என்று திட்டுவதும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. நடுவில் செய்ய வேண்டியதை யாரும் செய்யாமல் போவதற்கு இரண்டுமே சாக்கு.

மீட்சிக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் கால் முந்தும், கை பிந்தும், விரல் கடைசி. "நடக்கிறாரு, ஆனா டம்ளர் புடிக்க முடியல, புடிக்க முயற்சியே பண்றதில்ல" என்று வீட்டார் குறைசொல்வதை வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்கிறேன். காரணம் இதுதான். இடுப்பு, தொடை, முதுகுத் தசைகளுக்கு மூளைத்தண்டிலிருந்து வரும் வேறு பழைய பாதைகளும் உண்டு. அவை இரண்டு பக்கமும் பரவியிருப்பதால் ஒரு பாதை அழிந்தாலும் ஓரளவு ஈடுகட்டும். விரல்களைத் தனித்தனியாக அசைக்கும் நுட்பம் மட்டும் கார்ட்டிகோஸ்பைனல் பாதையை நம்பியே இருக்கிறது. அது போனால் மாற்று வழி மிகக் குறைவு. பழைய பாதைகள் கையைத் தூக்க உதவினாலும் தோளைத் தூக்கும்போது முழங்கை மடங்கி, விரல்கள் இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கத்தைப் பிடிவாதம் என்று நினைத்து விரல்களைப் பலவந்தமாகப் பிரிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு பாதை மிஞ்சியிருக்கிறது என்பதை ஆரம்பத்திலேயே ஓரளவு கணிக்க முடியும். நெதர்லாந்தில் அடைப்புப் பக்கவாத நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 72 மணி நேரத்திற்குள் விரலைக் கொஞ்சமாவது நீட்டவும் தோளைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது தூக்கவும் முடிந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் கையில் ஓரளவு செயல்திறன் வந்ததைக் காட்டியது. இரண்டும் முடியாதவர்களில் அது 25 சதவீதம். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். மூன்றாம் நாளிலேயே இவ்வளவு தூரம் முடிவாகிவிடுகிற ஒரு விஷயத்தை மனவுறுதியின் கணக்கில் எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம்?

அப்படியானால் முயற்சி வீணா என்று கேட்பீர்கள். இல்லை. மிஞ்சிய பாதையை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பயிற்சிதான் தீர்மானிக்கிறது. 1996இல் ராண்டால்ஃப் நூடோவும் சக ஆய்வாளர்களும் அணில் குரங்குகளின் மூளையில் கைக்கான பகுதியில் சிறு சேதம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். பயிற்சி கொடுக்காமல் விட்ட குரங்குகளின் மூளையில், சேதமடையாத அக்கம்பக்கத்துப் பகுதியும் கையைக் கைவிடத் தொடங்குவது முன்பே தெரிந்திருந்தது. பயிற்சி கொடுத்த குரங்குகளில் அந்தப் பகுதி கைக்காகவே நிலைத்தது. சிலவற்றில் தோளுக்கும் முழங்கைக்கும் உரிய இடத்தைக்கூடக் கை எடுத்துக்கொண்டது. பயன்படுத்தாத உறுப்பை மூளை மறக்கும், பயன்படுத்தினால் இடம் ஒதுக்கித் தரும்.

கேள்வி, எவ்வளவு பயிற்சி என்பதுதான். அந்த விலங்காய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை கை நீட்டிப் பிடிக்க வைத்தார்கள். 2009இல் காதரின் லாங் குழுவினர் வட அமெரிக்காவின் மறுவாழ்வு மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, கைப் பயிற்சி நடந்த ஒரு அமர்வில் செயல் சார்ந்த அசைவுகள் சராசரியாக 32 முறைதான் நடந்தன. பணக்கார நாட்டிலேயே இதுதான் நிலைமை. லண்டன் குயின் ஸ்கொயரில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப் பயிற்சி கொடுக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. 2019இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிடைத்தது, ஆறு மாதம் கழித்தும் நின்றது. பெரும் பங்கு மீட்சி முதல் மூன்று மாதத்தில் நடக்கிறது என்பது உண்மை. அதற்குப் பின் கதவு அடைபட்டுவிடுகிறது என்பது உண்மையில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒரே பருவத்தில் நான் பார்த்த இருவர். இருவருக்கும் ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயது, இருவருக்கும் இடது புடாமெனில் கசிவு, சிடி ஸ்கேன் அறிக்கையில் அளவுகூட ஏறத்தாழ ஒன்று. ஒருவர் மெயின் ரோட்டில் வீடு கட்டியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். வாரத்தில் ஆறு நாள், தினம் ஒரு மணி நேரம் தனியாகப் பணம் கொடுத்து ஆள் வைத்துப் பயிற்சி எடுத்தார். பன்னிரண்டு வாரத்தில் 72 மணி நேரம். இன்னொருவர் காலனியில் தொகுப்பு வீட்டில் இருக்கும் கட்டடத் தொழிலாளி. நான் வேலை செய்யும் வீட்டுப் பராமரிப்புக் குழுவில் ஆள் பற்றாக்குறை. அந்தக் காலனிக்கு மாதத்தில் இரண்டு முறைதான் என்னால் போக முடிந்தது, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். பன்னிரண்டு வாரத்தில் மூன்று மணி நேரம்.

எழுபத்திரண்டு, மூன்று. இந்தப் பத்தியின் தொடக்கத்தில் நான் மேற்கோள் காட்டிய வாத்தியார் முதலாமவர். "மனசே வைக்க மாட்டேன்றாரு" என்று இரண்டாமவரைப் பற்றி என்னிடம் சொன்னவர் அவருடைய மனைவி. இருவரை மட்டும் வைத்து அறிவியல் முடிவு எதுவும் சொல்லிவிட முடியாது. ஒரே மாதிரி ஸ்கேனிலும் மிஞ்சிய இழைகள் வேறுபடலாம். ஆனால் மனசை எடை போடுவதற்கு முன்னால் மணி நேரத்தை எண்ண வேண்டாமா?

அந்தத் தொகுப்பு வீட்டையும் கொஞ்சம் பாருங்கள். ஒரே அறை. கட்டில் போட்டால் நடந்து பழக இடமில்லை. வாசலில் முழங்கால் உயர நிலைப்படி. கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், அதற்குள் பிடித்து எழ ஒரு கம்பி கிடையாது, உட்காருவது குத்துக்காலில்தான். பாதி உடம்பு வராத மனிதர் குத்துக்காலில் எப்படி உட்காருவார்? அதனால் அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். எங்கேயும் போகாமல் கட்டிலிலேயே இருந்தார். வீட்டார் கண்ணுக்கு அது சோம்பல். பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சிலருக்குக் கட்டளை புரிந்தாலும் செயலாக மாற்றும் திறன் சேதமாகிறது. சிலர் தங்கள் இடது கையை மறந்தே போகிறார்கள். இவை எல்லாமே மூளைக் காயத்தின் பாகங்கள்தான். நம் வீடுகளில் இவை எல்லாவற்றுக்கும் 'மனசு வைக்கல' என்று ஒரே பெயர்.

ஊர்த் தெருவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பிசியோதெரபி என்பது தொட்டுச் செய்யும் வேலை. தொங்கும் தோளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், இடுப்பை அணைத்து எழுப்ப வேண்டும், விரல் விரலாக நீவ வேண்டும். ஒரு வீட்டில் இரண்டாவது வாரம் வரைக்கும் எல்லாம் சரியாகப் போனது. பிறகு "எந்த ஊரும்மா நீ? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். சொன்னேன். அடுத்த நாள் தண்ணீர் பேப்பர் கப்பில் வந்தது. அதற்கடுத்த நாள் வேறு ஆள் அனுப்பச் சொல்லி அலுவலகத்துக்குப் போன் போனது. வேறு ஆள் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. கை திரும்ப மிகவும் வாய்ப்புள்ள முதல் மாதங்களில் மூன்று வாரம். எனக்கு அவமானம். அந்தப் பெரியவருக்கு இழந்த மூன்று வாரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. சாதி தன் சொந்த வீட்டுப் பெரியவரின் நரம்புக்கும் இரக்கம் காட்டுவதில்லை.

'குடும்பம் பார்த்துக்கொள்ளும்' என்பது இங்கே எல்லோருக்கும் வசதியான பதில். குடும்பம் என்றால் யார்? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். இந்த 299 நிமிடத்தின் மேல்தான் பக்கவாத நோயாளியின் பயிற்சியும் வந்து உட்காருகிறது. அந்தக் கட்டடத் தொழிலாளியின் மனைவி காலையில் நூறு நாள் வேலைக்குப் போவார், இல்லாத நாளில் களையெடுக்கப் போவார். அவர் கூலி நின்றால் அடுப்பு நிற்கும். பயிற்சி செய்து காட்டினால் தலையாட்டுவார். எந்த நேரத்தில் செய்வார் என்று கேட்க எனக்கு வாய் வராது.

இதை இந்தியாவிலேயே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். குடும்பத்தினருக்கே பயிற்சி கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யவைத்தால் போதுமா என்று 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் 'அட்டெண்ட்' என்ற ஆய்வு நடந்தது. 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் இரண்டு குழுவிலும் 47 சதவீதம். கூடுதல் பயன் எதுவும் இல்லை. குடும்பத்தினரின் அன்பு போதவில்லை என்று இதற்குப் பொருளில்லை. பயிற்சி பெற்ற ஆள் செய்ய வேண்டிய வேலையைக் களைத்துப்போன ஒரு பெண்ணின் தலையில் கட்டினால் பலன் தராது என்றே நான் இதைப் படிக்கிறேன். கற்றுக்கொடுப்பதற்கு மலிவான வழி என்பதாலேயே அது சரியான வழியாகிவிடாது.

அரசுத் திட்டங்கள் என்ன செய்கின்றன? காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை உண்டு, ஆனால் வீட்டுக்கு அனுப்பிய பிறகான செலவுக்கு அது தருவது 15 நாட்கள். மூளை தன்னைச் சீரமைத்துக்கொள்ள மாதக்கணக்கு கேட்கிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடைவெளியைச் சரியாகக் கண்டுகொண்ட திட்டம். பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வீட்டிலேயே பிசியோதெரபி என்பதும் அதன் பட்டியலில் இருக்கிறது. அந்தத் திட்டம் இருப்பது நமக்கு வலு. அதை வைத்தே அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். எத்தனை வீட்டுக்குப் போனீர்கள் என்ற கணக்கு போதாது, ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் மூன்று மாதத்தில் எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று கணக்குக் காட்டுங்கள்.

நான் கேட்பவை இவைதான். ஒவ்வொரு ஒன்றியத்திலும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற நிரந்தர பிசியோதெரபிஸ்ட் பணியிடங்கள். முதல் மூன்று மாதம் பராமரிப்பாளரின் கூலி இழப்புக்கு ஈடு. தொகுப்பு வீடுகளில் சாய்தளம், கைப்பிடிக் கம்பி, உட்காரும் கழிப்பறை ஆகியவை நோயாளி வீடு திரும்பும் முன்பே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமூகத்தில் மற்றவர்களைப் போல வாழும் உரிமையைப் பேசுகிறது. நிலைப்படியைத் தாண்ட முடியாதவருக்கு அந்த உரிமை வீட்டு வாசலிலேயே முடிந்துவிடுகிறது.

கசிவே வராமல் தடுப்பது இன்னும் மலிவு. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் வேலைக்கு வெளியூர் போகும் செங்கல் சூளைக் குடும்பத்துக்கு அந்த மாத்திரை பின்னாலேயே போகிறதா? "தலை சுத்தல் நின்னுடுச்சு, மாத்திரைய நிறுத்திட்டேன்" என்று சொல்பவருக்கு அதை நிறுத்தக் கூடாது என்று யார் சொன்னார்கள்? கசிவு வந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தைக் குறைப்பது உட்பட சில எளிய நடவடிக்கைகளைச் சேர்த்துச் செய்தாலே உடல் இயக்கம் மேம்படுகிறது என்பதை 2023இல் 'இன்டராக்ட்3' ஆய்வு காட்டியது. இந்தியாவும் இலங்கையும் உட்பட பத்து நாடுகளில் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். இதற்கு வேண்டியவை நேரத்தில் வரும் 108, சிடி ஸ்கேன் இருக்கும் அரசு மருத்துவமனை, அங்கே உடனே கையை நீட்டிப் பார்க்கும் ஒரு ஆள். வாய் கோணியவரைப் புறா ரத்தம் தேய்க்கத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு மணி நேரம்தான் நாம் இழக்கும் அந்த மணி நேரம்.

தலைவிதி என்ற சொல்லை நம் இயக்கங்கள் நூறாண்டுகளாகக் கேள்வி கேட்டு வருகின்றன. "போன ஜென்மத்துப் பாவம், கைகால இழுத்துக்கிச்சு" என்று இன்று பலரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அந்த இடத்தில் 'மனசு' வந்து உட்கார்ந்திருக்கிறது. பாவம் செய்தவர் என்பதற்குப் பதில் மனசு வைக்காதவர். இரண்டிலும் குற்றவாளி கட்டிலில் கிடப்பவரே. அரசும் ஊரும் மருத்துவமனையும் தப்பித்துக்கொள்கின்றன.

இதைப் படிக்கிற தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். நம் காலனிகளில் அம்பேத்கர் படிப்பகங்கள் இருக்கின்றன, இரவுப் பள்ளிகள் நடக்கின்றன. பகலில் பல இடங்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. பக்கவாதம் வந்த நான்கைந்து பேரை ஓரிடத்தில் சேர்த்து, உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது, நடப்பது என்று சுற்று முறையில் குழுவாகச் செய்யும் பயிற்சி நடையை மேம்படுத்துகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. வாரம் மூன்று நாள் படிப்பகத்தைத் திறந்துவிடுங்கள். இரண்டு உறுதியான நாற்காலி, ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு கம்பி போதும். யாருக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு என்று தீர்மானிக்க உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிசியோதெரபிஸ்டை அழையுங்கள், அவர் வர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அவசரப்படவும் வேண்டாம். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்திற்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தால் நல்லதைவிடக் கெடுதல் அதிகம் என்று 2015இல் வந்த 'ஏவர்ட்' ஆய்வு சொன்னது. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து யாரையும் தூக்காதீர்கள், தோள் மூட்டு நழுவிவிடும்.

படிப்பகத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் வையுங்கள். ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே இந்த வாரம் எத்தனை மணி நேரம் பயிற்சி கிடைத்தது, அதில் அரசு ஊழியர் வந்து கொடுத்தது எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மனுநாளுக்குப் போங்கள். கூடவே என்னையும் கூப்பிடுங்கள், வருகிறேன்.